எனக்குக் காமாலை இல்லை

சந்தேகப்படுவது நல்ல பழக்கம்தான். அதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. யார் யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்று மனசுக்குள் ஒரு வரிசை வைத்திருப்போம். அந்த வரிசையில் ஜோசியர் நிற்பார், பேய் ஓட்டுகிறவர் நிற்பார், வாட்ஸ்அப்பில் வெங்காயத்தைக் காலுறைக்குள் வைக்கச் சொல்கிற சித்தப்பா நிற்பார். நாம் மட்டும் நிற்க மாட்டோம். நாம்தான் விசில் ஊதி வரிசையை ஒழுங்குபடுத்துகிற ஆளாயிற்றே.

அப்போது நான் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு மரக்காணத்தில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டத்தை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியவில்லை, அவ்வளவுதான். எலுமிச்சம்பழத்தை அறுத்தால் ரத்தம் வருகிறதா? கத்தியில் என்ன தடவியிருக்கிறது என்று மோந்து பார்ப்பேன். எங்கள் மாதா கோயில் சுவரில் தண்ணீர் கசிந்ததைப் பார்த்து நாலு பேர் "மாதா அழுவுது" என்று மண்டியிட்டபோது, நான் நேராகப் பங்குச் சாமியாரிடமே போய் நின்றேன்.

"ஃபாதர், இது அற்புதம் இல்லை. கடல் மணல்ல பூசின சுவரு. அந்த உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்குது. அவ்ளோதான்."

"நானும் அதையேதாம்மா சொல்லிட்டிருக்கேன்" என்றார் அவர். "மூணு மழைக்காலமா சொல்றேன். பூச்சைப் பேத்துட்டுப் புதுசாப் பூசணும். உனக்கு நல்ல கொத்தனார் யாராவது தெரியுமா?"

(சண்டைக்குத் தயாராகப் போகிற இடத்தில் எதிராளி நம்ம பக்கமே நின்றுவிட்டால் வருகிற எரிச்சல் இருக்கிறதே, அது தனி.)

பாவம், என் எரிச்சலைப் பார்த்துத்தானோ என்னவோ, அந்த வருஷம் தேர்த் திருவிழாவுக்குச் சர்பத் பந்தலை என் பொறுப்பில் விட்டார் ஃபாதர். அதை நான் ஓர் ஆய்வுக்கூடம் மாதிரி நடத்தினேன். கையில் உறை, தலையில் வலை, கேன் தண்ணீர், கொதிக்க வைத்து ஆற்றிய சர்க்கரைப் பாகு. எலுமிச்சையைக்கூட இரண்டு முறை கழுவினேன். சர்பத் குடிக்க வந்தவர்கள் ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்துவிட்டதாக நினைத்துப் பயந்தார்கள். தேர் கிளம்பிய பிறகு கூட்டம் அலைமோதியது. ஒரு சொட்டு மிச்சமில்லை. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

இது நடந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் லூர்து மாமாவுக்குக் காமாலை வந்தது.

லூர்து மாமா என் அக்கா ரோஸியின் கணவர். உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். அது உப்பு வாருகிற சீசன். பாத்தியெல்லாம் வெள்ளை வெளேரென்று விளைந்து கிடக்கிறது. அதைப் பார்க்க வேண்டிய மாமா வீட்டுக் கட்டிலில் கிடக்கிறார். கண் மஞ்சள், நகம் மஞ்சள், முகம் பழுத்த வாழை இலை. ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றால், "அங்க போனா பாட்டில் ஏத்திடுவாங்க" என்பார். டன் டன்னாக லாரியில் உப்பு ஏற்றுகிற மனுஷனுக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற அவ்வளவு பயம்.

ஆஸ்பத்திரிக்குப் பதிலாக அவர் போனது பிரம்மதேசத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் இருந்த பச்சிலை வைத்தியரிடம். அந்த வைத்தியர் ஏதோ ஒரு சாற்றை எடுத்து நோயாளியின் இரண்டு கைகளிலும் தேய்ப்பார். பிறகு ஒரு வெள்ளைப் பேசினில் சுண்ணாம்புத் தண்ணீர் வைத்து அதில் கையைக் கழுவச் சொல்வார். கழுவக் கழுவத் தண்ணீர் மஞ்சளாகும். உடம்பிலிருந்து காமாலை இறங்குகிறதாம். வாரம் ஒரு முறை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய் உப்பில்லாப் பத்தியம் இருக்க வேண்டும்.

உப்பளக்காரர் உப்பில்லாமல் கஞ்சி குடிப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டின் பின்பக்கம் மூட்டை மூட்டையாக உப்பு. முன்பக்கம் மாமா வெறும் கஞ்சியை முழுங்கிவிட்டு ஆண்டவரைப் பார்ப்பார். இரண்டாவது வாரம் அந்தக் கஞ்சியும் உள்ளே போகவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றியது. அக்கா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, அடுப்பங்கரையில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அழுதாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அப்பா இல்லாத வீட்டில் எனக்கு ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்த மனுஷன் அவர்.

"மாமா, அது வெறும் மாமரப் பட்டைச் சாறு. சுண்ணாம்பு பட்டா யாரு கையிலயும் மஞ்சளாகும். காமாலை இருந்தாலும் ஆகும், இல்லாட்டியும் ஆகும்" என்றேன்.

"எங்க, செய்து காட்டு" என்றார் மாமா.

பின்பக்கத்து மாமரத்தில் பட்டை உரித்து, இடித்து, சாறு பிழிந்து அக்கா கையில் தேய்த்தேன். கடையில் சுண்ணாம்பு வாங்கிக் கரைத்துத் தெளிய வைத்து, கையைக் கழுவச் சொன்னேன். தண்ணீர் பளிச்சென்று மஞ்சளானது. வெற்றிப் பார்வையோடு மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். மாமா முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, ரோஸிக்கும் வந்துடுச்சா?"

அன்று மாலையே அக்காவுக்கும் உப்பு நிறுத்தப்பட்டது.

(நிரூபணம் என்பது பார்க்கிறவர் மூளைக்குள் போய்த்தான் நிரூபணமாக வேண்டும். வழியில் அது என்னவாக வேண்டுமானாலும் மாறலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.)

இரண்டு நாள் நான் கத்திய பிறகு மாமா ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். "நீ பண்ணா அது கெமிஸ்ட்ரி, அவரு பண்ணா வைத்தியம். ரெண்டும் ஒண்ணாயிடாது. காமாலையே இல்லாத ஒரு ஆளு அவரு கையாலயே சாறு தேச்சுக் கழுவி, அப்பவும் மஞ்சளா வந்தா நான் ஒத்துக்கறேன். அங்கயிருந்து நேரா ஆஸ்பத்திரிக்கு வர்றேன். மாதா மேல சத்தியம்."

"அந்த ஆளு நான்தான்" என்றேன். எனக்கென்ன, கல் மாதிரி இருக்கிறேன் என்று மார் தட்டினேன்.

இங்கே அந்தக் கல்லின் நிலவரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரமாக எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. காரணம்: வெயில். மீன் வறுக்கிற வாசனை வந்தாலே குமட்டியது. காரணம்: எண்ணெய் பழையது. டியூஷனில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். காரணம்: பையன்கள் படிக்கிற லட்சணம். பாத்ரூம் சமாசாரம் கட்டங்காப்பி நிறத்தில் போனது. காரணம்: தண்ணீர் போதவில்லை. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் கையோடு ஒரு விளக்கம் இருந்தது. படித்தவளுக்கு விளக்கத்துக்கா பஞ்சம்?

கிளம்புகிற அன்று காலை பூசைக்குப் போகும்போது அக்கா என் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். "ஏண்டி ஜெசி, உன் கண்ணு ஒரு மாதிரி இருக்குது."

"புது சுடிதார் மஞ்சக் கலருக்கா. அது கண்ணுல ரிஃப்ளெக்ட் ஆவுது. லைட்டு அப்படித்தான் வேலை செய்யும்."

அக்கா பத்தாவது வரைக்கும் படித்தவள். எனக்கு எதிரில் லைட்டைப் பற்றி என்ன பேசுவாள்?

பூசை முடிந்ததும் மூவரும் ஷேர் ஆட்டோ பிடித்து வைத்தியர் வீட்டுக்குப் போனோம். வாசலில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, ஜே ஜே என்று கூட்டம். அதில் பாதி எங்கள் கோயில் பங்கு மக்கள். பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவர், தேர் தூக்குகிற அண்ணன்கள், மறைக்கல்வி டீச்சர் என்று வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. "பார்த்தியாக்கா? நம்ம ஜனங்க பாதி இங்கதான் இருக்குது. எங்கிருந்துதான் இவ்ளோ மூடநம்பிக்கை வருதோ!" என்று பல்லைக் கடித்தேன். அவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து மஞ்சளாகச் சிரித்தார்கள்.

வைத்தியர் நல்ல மரியாதையான மனிதர். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, குளிர்ந்த குரல். "உக்காரு பாப்பா. நான் எதுவும் சொல்றதில்ல. தண்ணி சொல்லும்" என்று என் கையில் சாற்றைத் தேய்த்தார். நான் என் போனை மாமாவிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தேன். கையைப் பேசினில் விட்டேன். தண்ணீர் மஞ்சளானது. அடர்த்தியான, அழகான, கல்யாண வீட்டு மஞ்சள்.

"உனக்கு நல்லாவே இருக்குதும்மா" என்றார் வைத்தியர்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே வந்தேன். நாற்காலி மேல் ஏறி நின்றேன்.

"எல்லாரும் நல்லாக் கேளுங்க! எனக்குக் காமாலை இல்லை! நான் கல்லு மாதிரி இருக்கிறேன்! ஆனாலும் தண்ணி மஞ்சளாயிடுச்சு! அப்ப என்ன அர்த்தம்? இது காமாலை இல்லை, மாமரப் பட்டை! யாரு கையைக் கழுவினாலும் இப்படித்தான் வரும்! இதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்காதீங்க!"

வைத்தியர் முகத்தில்கூட ஒரு கலக்கம் தெரிந்தது. மாமா வாயைப் பிளந்து நின்றார். ஜெயித்துவிட்டேன் என்று அந்த நொடியில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அத்தோடு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.

"மாமா! என் கண்ணை ஜூம் பண்ணுங்க! எவ்ளோ வெள்ளையா இருக்குதுன்னு உலகம் பாக்கட்டும்!"

மாமா ஜூம் பண்ணினார். பண்ணிவிட்டு அப்படியே நின்றார்.

"பண்ணுங்க மாமா!"

"பண்ணிட்டேம்மா. அதாம்மா பாக்கறேன்" என்று போனை என் பக்கம் திருப்பினார்.

திரை முழுக்க என் கண் இரண்டும் தெரிந்தன. வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் பேசின் தண்ணீர் இருந்தது.

"அது சுடிதார்" என்றேன். குரல் ஏனோ கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. "ரிஃப்ளெக்ட் ஆவுது."

அப்போதுதான் அக்கா எழுந்து வந்தாள். கோயிலுக்குப் போட்டுக்கொண்டு வந்த வெள்ளை முக்காட்டை எடுத்து என் கழுத்திலிருந்து முழங்கால் வரை போர்த்தினாள். மஞ்சள் ஒரு நூல் வெளியே தெரியாதபடி இழுத்துச் செருகினாள். பிறகு மாமாவிடம் திரும்பி, "இப்ப எடுங்க" என்றாள்.

மாமா எடுத்தார். காட்டினார். வெள்ளைத் துணிக்கு மேலே கண் இன்னும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. எம்.எஸ்சி. முழுக்க நான் செய்த எந்தச் சோதனையும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

"லைட்டிங்..." என்று ஆரம்பித்தேன். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த குமட்டல் மொத்தமும் அந்த நேரம் பார்த்து மேலே கிளம்பியது. நாற்காலியிலிருந்து இறங்கக்கூட அவகாசமில்லை. நேராக வைத்தியரின் வெள்ளைப் பேசினிலேயே வாந்தி எடுத்தேன்.

"பித்தம் இறங்கிடுச்சு!" என்று கத்தினார் வைத்தியர்.

கூட்டம் கை தட்டியது. தேர் தூக்குகிற அண்ணன்கள் விசில் அடித்தார்கள். ஆர்மோனியக்காரர் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். நான் முக்காட்டுக்குள்ளிருந்து, "ஒரு ஆளை வெச்சு முடிவு பண்ணக்கூடாது... இன்னும் பத்துப் பேரு..." என்று முனகியதை யாரும் கேட்கவில்லை. அறிவியல்படி அந்த நேரத்திலும் நான் சொன்னது சரி. தண்ணீர் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. எனக்குக் காமாலை இல்லாவிட்டாலும் அது மஞ்சளாகத்தான் ஆகியிருக்கும். ஆனால் வாந்தி எடுத்த வாயால் இதை யாருக்கு விளக்குவது?

மாமா ஒப்பந்தத்தில் ஜெயித்துவிட்டார். ஜெயித்த கையோடு அவருக்கு உதறல் எடுத்துவிட்டது. வைத்தியர் கொடுத்த பச்சிலைப் பொட்டலத்தை வாங்கினார், பார்த்தார், அக்காவிடம் கொடுத்தார். "இவளுக்குப் பச்சிலையெல்லாம் வேணாம் ரோஸி. கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு. நேரா ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"உங்களுக்கு மட்டும் பச்சிலையா?" என்றாள் அக்கா.

"எனக்குப் பரவால்ல. இவளுக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. (வாந்தியும் வந்தது. ஆட்டோக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.)

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்ற மாமாவை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"கூட வந்தவரு நீங்களா?"

"ஆமாங்க. நோயாளி இவதான்."

"நீங்க முதல்ல படுங்க."

இப்படியாக, எந்தப் பாட்டிலுக்குப் பயந்து மாமா இத்தனை நாள் ஓடினாரோ அந்தப் பாட்டில் அன்று சாயங்காலம் அவர் கையில் ஏறியது. பக்கத்துக் கட்டிலில் எனக்கும் ஒன்று. "இன்னும் ஒரு வாரம் போயிருந்தா சிக்கலாயிருக்கும்" என்று அக்காவிடம் டாக்டரம்மா சொன்னது என் காதிலும் விழுந்தது. தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டேன். என் நிரூபணம் தோற்றால் என்ன, மாமா கட்டிலில் இருக்கிறார். அப்பாடா என்று இருந்தது.

அந்த அப்பாடா நெடுநேரம் நிலைக்கவில்லை.

"இது தண்ணியில வர்ற காமாலை" என்றார் டாக்டரம்மா. "உங்க ஊர்ல இருந்து நிறையப் பேரு வர்றாங்க. ஒரு மாசத்துக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து ஏதாவது விசேஷத்துல சாப்பிட்டீங்களா? குடிச்சீங்களா?"

"தேர் அன்னிக்குச் சர்பத்..." என்றாள் அக்கா.

"அது இருக்கவே முடியாது டாக்டர்" என்று நான் பாட்டிலோடு எழுந்து உட்கார்ந்தேன். "நான்தான் இன்சார்ஜ். கை உறை போட்டு, கேன் தண்ணியில, பாகை நல்லாக் கொதிக்க வெச்சு..."

"ஐஸ் எங்கிருந்து வாங்கினீங்க?"

பக்கத்துக் கட்டிலில் மாமா மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

தேர் கிளம்பிய பிறகு கூட்டம் அலைமோதியது என்று சொன்னேனே, அப்போதுதான் ஐஸ் தீர்ந்துபோயிற்று. கரையில் மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ்கட்டியை யாரோ சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அதை உடைக்கச் சொன்னதும் நான்தான். அந்தக் கூட்டத்திலேயே ஒரே ஒருவர் மட்டும்தான் சந்தேகப்பட்டார்.

"ஏம்மா ஜெசி" என்றார் மாமா, அன்றைக்குக் கேட்ட அதே வார்த்தைகளில். "மீன் ஐஸாச்சே, குடிக்கலாமாம்மான்னு கேட்டேன்."

அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கும் இருந்தது.

"உறைஞ்ச ஐஸுல கிருமி உயிரோட இருக்காது மாமா, இது சயின்ஸுன்னு சொன்ன. நீ படிச்ச பொண்ணாச்சேன்னு ரெண்டு கிளாஸ் குடிச்சேன். நான் வாழ்க்கையில சயின்ஸை நம்பினது அந்த ஒரு தடவைதாம்மா."

"அது சயின்ஸ் இல்ல மாமா" என்றேன் சின்னக் குரலில். "அது நான்."

வைத்தியர் பந்தலில் என்னைப் பார்த்து மஞ்சளாகச் சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஆர்மோனியம், தேர் தூக்கும் அண்ணன்கள், மறைக்கல்வி டீச்சர். எங்கிருந்துதான் இவ்வளவு மூடநம்பிக்கை வருகிறதோ என்று பல்லைக் கடித்தேனே, அத்தனை பேரையும் அந்த வைத்தியருக்கு அனுப்பி வைத்தது என் கரண்டிதான். போதாததற்கு நானே நேரில் போய், நாற்காலி மேல் ஏறி, விளம்பரமும் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே யாரோ எடுத்த வீடியோ அதற்குள் கடற்கரை முழுக்கப் பரவியிருந்தது. நான் "எனக்குக் காமாலை இல்லை" என்று முழங்குகிற இடத்தில் கண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் வேறு போட்டிருந்தார்கள். ஃபாதர் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தபோது அந்த வீடியோவைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் ஜெபம் சொல்லும்போது இரண்டு தடவை இருமினார். (அவர் அன்றைக்குச் சளி பிடித்திருந்ததால் ஐஸ் போடாமல் குடித்தவர்.) அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலேயே, கண் மஞ்சளாக இருக்கிறவர்கள் பூசை முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அறிவித்துவிட்டார். வேனும் ஏற்பாடு செய்திருந்தார். எல்லாரும் பிழைத்தார்கள். டாக்டரம்மா உப்பு சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்ன அன்று மாமா கஞ்சியில் போட்ட உப்பை அக்கா பாதி வழித்து எடுக்க வேண்டியதாயிற்று.

உடம்பு தேறிய பிறகு, மாமாவே மாமரத்தில் பட்டை உரித்துக்கொண்டு வந்து, அக்கா, ஃபாதர், பால்காரர், உப்பளத்து ஆட்கள் என்று அகப்பட்ட எல்லார் கையையும் கழுவ வைத்தார். எல்லார் கையிலும் மஞ்சள். "ஃப்ராடுதான் போல" என்று தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "முதல்லயே இப்படிப் பத்துப் பேரை நிறுத்தியிருந்தா முடிஞ்சிருக்குமே. நீ எதுக்கும்மா நாற்காலி மேல ஏறின?" இதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை.

மாமா இப்போது யாரையும் நம்புவதில்லை. வைத்தியரை நம்புவதில்லை, வாட்ஸ்அப்பை நம்புவதில்லை, முக்கியமாக என்னை நம்புவதில்லை. நான் எதையாவது "அறிவியல்படி பார்த்தா" என்று ஆரம்பித்தால் போதும், கையிலிருக்கிற டம்ளரை உயர்த்தி, "ஐஸ் போட்டுக்கலாமாம்மா?" என்பார். வீடு சிரிக்கும். நான் போய்ப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு வந்து பேசுவேன்.

என் கல்யாணம் நல்ல அக்கினி வெயிலில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேர்த்து விறுவிறுத்து மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். வரவேற்பு பானத்துக்குப் பொறுப்பு லூர்து மாமா. ஐஸ்காரரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். அண்டாவைத் தன் கண் முன்னால் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆவி பறக்கப் பறக்க எலுமிச்சைச் சர்பத்தை ஊற்றி, ஒவ்வொருவர் கையிலும் ஒரு கர்ச்சீப்போடு சேர்த்துக் கொடுத்தார். என் மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டு, "இது என்னங்க வழக்கம்?" என்று கேட்டிருக்கிறார்.

"வழக்கம் இல்லீங்க சம்பந்தி" என்றாராம் மாமா, மேடையில் நின்ற என்னைக் கை காட்டி. "இது சயின்ஸ்."

என் புகுந்த வீட்டில் என்னை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் வரவில்லை. "சுடு சர்பத் வீட்டுப் பொண்ணு" என்றுதான் சொல்கிறார்கள்.